ஏற்காட்டில் நாளை பனி இருக்குமா? சேலத்திலிருந்தே கணிக்கும் வழி

மார்கழி பிறந்துவிட்டால் சேலத்தில் சனிக்கிழமை இரவுகளில் பலரும் கைபேசியில் தேடுவது ஒன்றைத்தான்: நாளை காலை ஏற்காட்டில் பனி இருக்குமா? செயலி ஒரு மேகப் படத்தைக் காட்டும். பக்கத்தில் 17 டிகிரி என்று போட்டிருக்கும். அதை நம்பி விடிகாலை நான்கரைக்கு வண்டியைக் கிளப்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, லேடீஸ் சீட் காட்சிமுனையில் போய் நின்றால் சேலம் நகரம் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று தெரியும். அடுத்த வாரம் வெயில் என்று போட்டிருந்த நாளில், ஏரியின் எதிர்க்கரை தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருக்கும். முன்னறிவிப்பின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நம்பிக்கை போகவேண்டியதில்லை. ஏற்காட்டுக்கான முன்னறிவிப்பு எங்கே சறுக்கும், எந்தத் திசையில் சறுக்கும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிகிற விஷயம். சறுக்கலுக்குப் பாதிக் காரணம் கணினி. மீதிப் பாதி நாம் 'பனி' என்று சொல்லும் ஒற்றைச் சொல்.

ஒரே சொல், நான்கு வானிலை

புல்நுனித் துளியும் பனி, ஆளை மறைக்கும் புகைமூட்டமும் பனி, ஊட்டி தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாக உறைவதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. கடைசியில் உள்ளதை முதலில் தள்ளிவிடலாம். தமிழகத்தின் மேல் குளிர்காலத்திலும் காற்று பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்குவது ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேதான். ஏற்காடு நகரம் 1515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1623 மீட்டர். மேலே உருவாகும் பனித்துகள் இங்கே வந்து சேரும் முன் மழையாகிவிடும். கோடையில் இடிமழையோடு விழும் ஆலங்கட்டி வேறு வகை. 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியின் உறைபனியையும் இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு: மூடுபனி, குளிர். இவை இரண்டும் ஒரே நாளில் முழுவீச்சில் வருவது அரிது. இதை மனதில் இருத்திக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். அடர்ந்த மூடுபனி வேண்டுமென்றால் மலைமேல் மேகம் உட்கார வேண்டும். மேகம் போர்வை மாதிரி. இரவில் தரை விடும் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். அதனால் மூடுபனி நாளில் ஏற்காட்டில் இரவுக்கும் பகலுக்கும் நாலைந்து டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். 16 டிகிரியில் தொடங்கி 20-இல் நின்றுவிடும். கடுங்குளிர் வேண்டுமென்றால் வானம் திறந்திருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தரை தன் வெப்பத்தை எல்லாம் வெளியே விட்டு 12, 13 டிகிரிக்கு இறங்கும். அந்த நாளின் பகல் பளீரென்ற வெயில்.

நம் முன்னோர் இதைப் பிரித்தே வைத்திருந்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழையும் வாடையும் மூட்டமும் கலந்த காலம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது திறந்த வானத்தின் கீழ் இறங்கும் அந்த வறண்ட குளிரைத்தான். ஏற்காட்டில் மஞ்சு பார்க்க நினைத்துத் தை மாதத்தில் போகிறவர்கள், கூதிரின் சரக்கை முன்பனியின் கடையில் கேட்கிறார்கள்.

கணினி மலையை எப்படிப் பார்க்கிறது

வானிலைக் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் முதன்மை மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி சுமார் 13 கிலோமீட்டரில் ஓடுகிறது. ஆனால் பல செயலிகள் எடுத்துக்கொள்வது அதன் கால் பாகைத் தரவை, அதாவது சுமார் 27 கிலோமீட்டர் கட்டத்தை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதத்தில் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை 6 கிலோமீட்டர்.

இப்போது ஏற்காடு வட்டத்தின் மொத்தப் பரப்பைப் பாருங்கள்: காப்புக்காடு உட்பட 382 சதுர கிலோமீட்டர். 27 கிலோமீட்டர் கட்டம் ஒன்றின் பரப்பு 729 சதுர கிலோமீட்டர். சேர்வராயன் மலை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, அதோடு சமவெளியும் சேர்ந்துவிடும். 9 கிலோமீட்டர் என்றால் நாலைந்து கட்டங்கள் கிடைக்கும். 6 கிலோமீட்டரில் பத்துப் பதினொன்று. மலையின் விளிம்பு, கிழக்குச் சரிவு, ஏரியின் பள்ளம் என்று தனித்தனியாக எதுவும் இதில் தெரியாது. கட்டத்துக்குள் இருக்கும் உச்சியும் பள்ளமும் சராசரியாகி மலை ஒரு மழுங்கிய மேடாகிவிடும்.

அதனால் வரும் பிழையைக் கணக்காகவே பார்க்கலாம். மாதிரியில் அந்த இடத்தின் உயரம் 900 மீட்டர் என்று பதிவாகியிருந்தால், உண்மைக்கும் அதற்கும் 615 மீட்டர் வித்தியாசம். நூறு மீட்டருக்குச் சராசரியாக 0.65 டிகிரி குறையும். ஆக 4 டிகிரி பிழை. சில செயலிகள் உயரத்துக்கு ஏற்பத் திருத்திக் காட்டும், சில காட்டாது. செயலியில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் உயரம் கொடுத்திருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1400-க்கும் 1550-க்கும் நடுவில் இருந்தால் சரி. அதற்குக் கீழே என்றால் காட்டும் வெப்பநிலையை உயரத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொதுவான தவறு: இருப்பிடத்தைத் தானாக எடுக்க விட்டுவிடுவது. அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து பார்க்கும்போது அது சேலத்துக்கான கணிப்பையே கொடுக்கும்.

வெப்பநிலையைத் திருத்திவிடலாம், மூடுபனியை அப்படித் திருத்த முடியாது. மழுங்கிய மலையை மோதும் காற்று, கணக்கில் குறைவாகவே மேலேறும், குறைவாகவே குளிரும். உண்மையில் மேகத்துக்குள் இருக்கும் ஊர், கணினியில் மேகத்துக்குக் கீழே நிற்கும். செயலி அதனால் "மேகமூட்டம்" என்று மட்டும் சொல்லும். சேலத்து மேகமூட்டம்தான் ஏற்காட்டு மூடுபனி. கீழிருந்து பார்த்தால் மேகம், உள்ளே நின்று பார்த்தால் மஞ்சு.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். பெரும்பாலான நல்ல செயலிகள் மேகத்தைத் தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்று மூன்றாகப் பிரித்துத் தருகின்றன. நமக்கு வேண்டியது தாழ்மேகத்தின் சதவீதம் மட்டும்தான். மொத்த மேகம் 90 சதவீதம், ஆனால் தாழ்மேகம் 10 என்றால் அன்று வானம் பால் கலந்த நீர் மாதிரி வெளுத்திருக்கும். மலை தெளிவாகத் தெரியும். தாழ்மேகம் 70-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம்.

பத்து டிகிரிக் கணக்கு

செயலி எதுவும் இல்லாமலேயே, சேலத்தில் இருந்தபடி மேகம் எந்த உயரத்தில் அடியிடும் என்று கணிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இதற்கு வேண்டியவை இரண்டே எண்கள்: சேலத்தின் வெப்பநிலை, பனிப்புள்ளி. காற்றை அப்படியே குளிர வைத்தால் எந்த வெப்பநிலையில் அதன் ஈரம் துளியாகத் தொடங்குமோ அதுவே பனிப்புள்ளி. செயலிகளில் டியூ பாயின்ட் என்று இருக்கும்.

காற்று மேலேறும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. பனிப்புள்ளியும் கிலோமீட்டருக்கு 2 டிகிரி அளவில் குறைகிறது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. அதாவது வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் உயரம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். அங்கிருந்து ஏற்காடு 1237 மீட்டர் மேலே. 125 × 10 = 1250. ஆகவே சேலத்தில் வித்தியாசம் 10 டிகிரி என்றால் மேகத்தின் அடிப்பாகம் சரியாக ஏற்காட்டு மட்டத்தில் நிற்கும். 10-க்குக் கீழே போகப் போக மூட்டம் வளைவுகளில் இறங்கி வரும். 12, 13 என்றால் மேகம் தலைக்கு மேலே, சேர்வராயன் உச்சிக்கும் எட்டாமல் போய்விடும்.

பனிப்புள்ளி கிடைக்காவிட்டால் ஈரப்பதத்தை வைத்துப் போடலாம்: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுத்தால் வித்தியாசம் வந்துவிடும். மதியம் 27 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் 30-ஐ ஐந்தால் வகுக்க 6 டிகிரி, 750 மீட்டர். சேலத்தின் உயரத்தைக் கூட்டினால் 1028. பாதி மலையைத் தாண்டியதுமே வண்டி மஞ்சுக்குள் நுழையும். ஈரப்பதம் 60 என்றால் 8 டிகிரி, 1278 மீட்டர். மேல் வளைவுகளில் தொடங்கும். 50-க்கும் கீழே போனால் இந்தக் குறுக்குவழி பிழையாகும். ஆனால் அந்த ஈரத்தில் மூடுபனிக்கான பேச்சே இல்லை.

இந்தக் கணக்கில் பலரும் தவறுவது நேரத்தில். விடிகாலை ஐந்து மணிக்குச் சேலத்தில் 20 டிகிரி, ஈரப்பதம் 90 என்று இருக்கும். போட்டால் மேகம் 250 மீட்டர் உயரத்தில் என்று வரும். வெளியே வந்து பார்த்தால் வானத்தில் நட்சத்திரம். இரவில் தரையோடு ஒட்டிய மெல்லிய காற்று மட்டும்தான் குளிர்ந்து ஈரமாகிறது. அதற்கு மேலே இருக்கும் காற்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கணக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால் காற்று கலங்கியிருக்க வேண்டும். ஆகவே முந்தைய நாள் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் எடுத்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும். அதன்பின் இரவோடு இரவாகக் காற்றின் திசை மாறவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திசைதான் எல்லாம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் வங்கக் கடலிலிருந்து வருகிறது. கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்று சேர்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் மோதி மேலேறும். கிழக்கு விளிம்பில் இருக்கும் பகோடா பாயின்ட்டை மஞ்சு முதலில் பிடித்துக் கடைசியில் விடும். தென்மேற்கில் சேலத்தைப் பார்த்து இருக்கும் லேடீஸ் சீட் அப்போது காற்று மறைவில் இருக்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடாகி மேகம் கரைந்துவிடும். ஒரே காலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரு பக்கம் கை தெரியாத மூட்டமும் இன்னொரு பக்கம் வெயிலும் இருப்பது இதனால்தான். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது இது அப்படியே தலைகீழ். லேடீஸ் சீட்டில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக் குளிர்காலத்தில் திரும்பி வருகிறவர்களைவிட, எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஏமாறுகிறவர்களே அதிகம். அவர்கள் பகோடா பாயின்ட்டுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

காற்றின் திசையைத் தீர்மானிப்பது வங்கக் கடலில் இருக்கும் காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது என்பது. நம் பகுதியில் காற்று தாழ்வு மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். தாழ்வு இலங்கைக்குப் பக்கத்தில், தென்மேற்கு வங்கக் கடலில் இருந்தால் சேலத்துக்குக் கிழக்குக் காற்று. ஈரம் நிரம்ப வரும். அதே தாழ்வு வடக்கே ஆந்திரக் கரைப் பக்கம் நகர்ந்துவிட்டால் சேலத்துக்கு வடக்கு, வடமேற்குக் காற்று. தக்காணத்தின் வறண்ட காற்று இறங்கி, மூட்டம் ஒரே இரவில் கலைந்துவிடும். "வங்கக் கடலில் தாழ்வு உருவாகிறது" என்ற செய்தியைக் கேட்டதும் அறை பதிவு செய்கிறவர்கள், அது எந்த அட்சரேகையில் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தாழ்வின் பாதை இரண்டு நாள் முன்புகூட மாறலாம் என்பதற்கு 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் நல்ல சான்று. புயலாக மாறாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் சொல்லப்பட்டது. பிறகு புயலாகி, நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நெடுநேரம் நகராமல் நின்றது. அதன் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்தபோது, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மஞ்சு பார்க்கும் ஆசைக்கும் மலைச்சரிவின் ஆபத்துக்கும் மூலகாரணம் ஒரே கிழக்குக் காற்றுதான். அதனால் சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதே சரி. மஞ்சள் எச்சரிக்கை என்றால் மழை அளவைப் பாருங்கள்: 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் வானிலைத் துறை அதைக் கனமழை என்கிறது.

மழை அறிவிப்பில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50. "அநேக இடங்களில்" 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் மழை என்ற நாளில் மலை அந்த ஓரிரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றைத் தூக்கிவிடும் மேடு அங்கேதானே இருக்கிறது. மேலே பெய்வது பெரும்பாலும் சாரல். நாள் முழுக்கச் சட்டை நனைந்தும் மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர்கூடச் சேராது.

ரேடார் பார்த்து முடிவு செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சுக்கு அது உதவாது. காரைக்கால் ரேடாரிலிருந்து ஏற்காடு சுமார் 200 கிலோமீட்டர். ரேடார் கதிர் அரை பாகைச் சாய்வில் கிளம்பினாலும், பூமியின் வளைவும் சேர்ந்து, நம் மலைக்கு வரும்போது நான்கு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும். சென்னையிலிருந்து 260 கிலோமீட்டருக்கு மேல். கதிர் இன்னும் உயரே. ஒன்றரைக் கிலோமீட்டரில் உட்கார்ந்திருக்கும் தாழ்மேகம் அதன் கண்ணில் படவே படாது. திரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து மூட்டம் இல்லை என்று முடிவு செய்தால் அது தப்புக் கணக்கு.

செயற்கைக்கோள் படம் உதவும், பார்க்கத் தெரிந்தால். இரவில் வரும் சாதாரண அகச்சிவப்புப் படத்தில் தாழ்மேகம் மங்கலாகவே தெரியும். அதன் வெப்பநிலையும் தரையின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்று. இன்சாட் படங்களில் இரவுநேர நுண்இயற்பியல் என்று வண்ணப் படம் ஒன்று உண்டு. இரண்டு அலைநீளங்களின் வித்தியாசத்தை வைத்துத் தாழ்மேகத்தைத் தனி நிறத்தில் பிரித்துக் காட்டுவது அது. விடிந்ததும் ஏழு மணி வாக்கில் சாதாரணக் கண்புலப் படமே போதும். மேலே உயர்மேகம் தடிமனாகப் படர்ந்திருந்தால் மட்டும் இரண்டும் பயன்படாது.

மழை விட்ட பிறகு வரும் நாட்கள்

மூடுபனியில் இன்னொரு வகை இருக்கிறது. சொல்லப்போனால் அதுதான் பார்க்கத் தகுந்தது. மலைமேல் வெயில், கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெண்மேகக் கடல். அது வருவதற்கு ஒரு வரிசை உண்டு.

இரண்டு மூன்று நாள் கிழக்குக் காற்றில் மழை பெய்து மண் ஊறியிருக்கும். தாழ்வு விலகும்; காற்று வடக்கே திரும்பி அடங்கும்; மாலையில் வானம் திறக்கும். அந்த முதல் இரவும் இரண்டாம் இரவும்தான் வாய்ப்பு. ஈரமான தரை திறந்த வானத்துக்கு வெப்பத்தை விட்டு வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். தேங்கிய காற்று பனிப்புள்ளியைத் தொட்டதும் அங்கேயே மூட்டமாகும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போல அமர்ந்துவிடுவதால் மூட்டம் உயர முடியாமல் சமமாகப் படுத்திருக்கும். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே மேலே போகப் போகச் சூடாகிறது. வானிலைக்காரர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் என்கிறார்கள்.

அந்த மாலையில் பார்க்க வேண்டியவை: வானத்தில் மேகம் கால்வாசிக்குக் கீழே, காற்று மணிக்கு 8 கிலோமீட்டருக்குள், விடிகாலைக்கான வெப்பநிலையும் பனிப்புள்ளியும் இரண்டு டிகிரிக்குள். காற்று சுத்தமாக நின்றுவிட்டாலும் சரிவராது. ஈரமெல்லாம் புல்லில் துளியாகப் படிந்து முடிந்துவிடும். லேசான அசைவு வேண்டும். காற்று கூடினால் மேல்காற்று கலந்து மூட்டம் கலைந்துவிடும். செயலிகள் அதிகம் தவறுவது இந்த வகையில்தான். மண் எவ்வளவு ஈரம் என்பதும் பள்ளம் எங்கே என்பதும் 9 கிலோமீட்டர் கட்டத்துக்குத் தெரியாது.

மூன்றாம், நான்காம் இரவுக்கு மண் காய்ந்துவிடும். மூட்டம் இல்லை, குளிர் மட்டும் மிஞ்சும். அந்த நாட்களில் மிகக் குளிர்ந்த இடம் உச்சி என்று நினைத்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. நூறு மீட்டர் உயரம் கூடுதலாக இருந்தும் அங்கே குளிர் குறைவாக இருக்கும். ஏரியைச் சுற்றிய கிண்ணத்திலும் பள்ளத்துக் காப்பித் தோட்டங்களிலும்தான் குளிர்காற்று தேங்கும். முன்னறிவிப்பில் வரும் குறைந்தபட்ச வெப்பநிலை, தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிழற்பெட்டிக்குள் வைத்த மானியின் கணக்கு. தெளிந்த இரவில் புல்மட்டத்தில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். ஏரித் தண்ணீர் பகல் வெப்பத்தை வைத்திருப்பதால் அதன் மேல் ஆவி எழுந்து முழங்கால் உயரத்துக்குச் சுழலும். அது வெயில் ஏறியதும் அரை மணி நேரத்தில் போய்விடும். கடுங்குளிர் என்பது நள்ளிரவில் வராது. சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான், தை மாதத்தில் ஆறரையிலிருந்து ஏழுக்குள்.

மஞ்சை ரசிக்கப் போகிற நாம் மறக்கக் கூடாத ஒன்று: அதே மாதங்கள்தான் காப்பிப் பழம் பறிக்கும் காலம். களத்தில் காயும் காப்பியை 10, 11 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர, தோல் உரித்துக் கழுவிய கொட்டைக்கே ஒரு வாரத்துக்கு மேல் வெயில் வேண்டும். முழுப் பழமாக உலர்த்தினால் இரண்டு வாரமும் ஆகும். மூட்டம் மூன்று நாள் நீடித்தால் களத்தில் இருப்பதைக் கிளறிக் கிளறித் திருப்பியும், மாலையில் தார்ப்பாய் போட்டு மூடியும் பூஞ்சை பிடிக்காமல் காக்க வேண்டும். தாழ்மேகத்தின் சதவீதத்தை நம்மைவிடக் கவலையோடு பார்ப்பவர்கள் காப்பித் தோட்டக்காரர்கள்.

கிளம்புவதற்கு முன்

ஐந்து நாள் முன்னால் பார்க்க வேண்டியது வங்கக் கடலை மட்டும். தேதியும் மணியும் சொல்லும் கணிப்பு அந்தத் தூரத்தில் பயன்படாது. இரண்டு நாள் முன்னால் காற்றின் திசையை இரண்டு மூன்று மாதிரிகளில் ஒப்பிடுங்கள். எல்லாம் கிழக்கு என்றால் நம்பலாம். ஒன்று கிழக்கு, ஒன்று வடக்கு என்றால் முன்பணம் கட்டாதீர்கள். முந்தைய நாள் பிற்பகல் பத்து டிகிரிக் கணக்கு. இரவு ஒன்பதுக்கு வானம் திறந்திருக்கிறதா என்று மொட்டை மாடியில் ஏறி ஒரு பார்வை. விடிந்ததும் சேலத்தில் மலை தெரியும் எந்த இடமும், மூக்கனேரிக் கரையோ கன்னங்குறிச்சியோ, எந்தச் செயலியைவிடவும் துல்லியம். மலையின் மேல்விளிம்பு கோடு போட்டது மாதிரி மேகத்தால் வெட்டுப்பட்டிருந்தால் அதற்கு மேலே எல்லாம் மஞ்சுக்குள் இருக்கிறது. சில நாள் மேகத் தட்டு மெல்லியதாக இருக்கும். ஏரி மூழ்கியிருக்க, கோயில் உச்சி மட்டும் மேகத்துக்கு மேலே வெயிலில் நிற்கும். ஏரியில் எதுவும் தெரியாவிட்டால் திரும்பிவிடாமல் உச்சிக்குப் போய்ப் பாருங்கள்.

மலைப்பாதையில் பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனாலே அது வானிலைக் கணக்கில் மூடுபனி. 200 மீட்டருக்குள் அடர் மூடுபனி. 50-க்குள் மிக அடர்ந்தது. ஏற்காட்டு வளைவுகளில் கடைசி வகை சாதாரணம். 20 கிலோமீட்டர் வேகத்தில், ஈரச் சாலையில், கண் பார்த்து மனம் உணரும் ஒன்றரை விநாடியையும் சேர்த்தால் வண்டி நிற்க 11, 12 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டரில் அது 29 மீட்டர். இறக்கத்தில் இன்னும் கூடும். முன்னால் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40-இல் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமம். ஹை பீம் போடாதீர்கள். துளிகளில் பட்டு வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். டிம் லைட்டும், இருந்தால் கீழே பொருத்திய ஃபாக் லேம்ப்பும் போதும். நான்கு பக்க மினுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது தெரியாது. அதை நின்ற வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொண்டால் ஏசியை வெளிக்காற்று வரும் நிலையில் வைத்துக் கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். வளைவுக்கு முன் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு வழி. இறங்கும்போது ஏறிய கியரே இறக்கத்துக்கும். இருசக்கர வண்டிக்காரர்களுக்கு மஞ்சைவிட ஆபத்து சாலையில் ஒட்டிக் கிடக்கும் ஈர இலைதான். சில்வர் ஓக் இலைகள் மூட்டத்தைப் பிடித்துச் சொட்டும் இடங்களில் மழை இல்லாமலேயே சாலை நனைந்திருக்கும்.

உடைக்கு ஒரு வார்த்தை: 16 டிகிரி மஞ்சில் ஈரக் காற்று வீசினால் 12 டிகிரி வறண்ட குளிரைவிட அதிகம் நடுங்கும். ஸ்வெட்டருக்கு மேலே தண்ணீர் ஊறாத மெல்லிய மேலுடை ஒன்று இருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

மேகக் கடல் பார்க்கப் போன நாளில் ஏழரை மணிக்கே படம் எடுத்துவிட்டுச் சிற்றுண்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். பகோடா பாயின்ட்டின் கீழே காக்கம்பாடிப் பள்ளத்தாக்கில் படுத்திருக்கும் மூட்டம், சரிவில் வெயில் பட்டு எட்டு, எட்டரைக்குச் சூடாகத் தொடங்கும்போதுதான் அசையும். முதலில் ஓரங்கள் கிழியும், பிறகு கீற்றுக் கீற்றாகப் பாறையைத் தழுவி ஏறும். அதுவரை வெயிலில் நின்றிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் ஒருவருக்கொருவர் தெரியாமல் மூடிவிட்டு, தலைக்கு மேலே போய்ச் சிறு மேகமாக நிற்கும்.